எம்டன் (போர்க்கப்பல் பெயர்)

எம்டன் என்பது 1908 முதல் ஜெர்மானியக் கடற்படையின் ஆறு போர்க்கப்பல்களுக்கு அடுத்தடுத்து வைக்கப்பட்ட பெயர். எம்ஸ் ஆறு வடகடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர் அது. இந்தக் கப்பல்களில் முதலாவது 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமீது குண்டு வீசியது. அன்றிலிருந்து அந்த ஊர்ப்பெயர் தமிழில் ஆட்களைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்கிவருகிறது.

முதல் எம்டன் (1908–1914)

டான்ஸிக் அரசுக் கப்பல் தளத்தில் கட்டப்பட்ட இலகு ரகக் குரூசர் இது. 1908 மே 26 அன்று நீரில் இறக்கப்பட்டு 1909 ஜூலையில் பணியில் சேர்ந்தது. சுமார் 118 மீட்டர் நீளம், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. 1910இல் கீழைக் கடலுக்குப் புறப்பட்ட கப்பல் பிறகு ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. சீனக் கரையில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்தாவ் அதன் தளமாக இருந்தது. 1913 முதல் கார்ல் ஃபான் முல்லர் அதன் தலைவர்.

முதல் உலகப்போர் மூண்டதும் முல்லர் தன் படைப்பிரிவிலிருந்து தனியே பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தார். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. அவரோ நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தினார். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பிரிட்டிஷ் குரூசர் யார்மத்தைப் போலத் தெரிந்தது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் வங்கக் கடலில் வணிகக் கப்பல்கள் ஒவ்வொன்றாகச் சிக்கின. அப்படிச் சிக்கிய ‘இண்டஸ்’ கப்பலில் சோப்பு ஏராளமாக இருந்தது. சோப்புத் தட்டுப்பாட்டில் இருந்த மாலுமிகளுக்கு அது பெரிய வரவு. பிடித்த கப்பலை மூழ்கடிக்கும் முன் அதில் இருந்தவர்களைப் பத்திரமாக வெளியேற்றிவிடுவது முல்லரின் வழக்கம். அதனால் எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைக் கனவான் என்று எழுதின.

சென்னைத் தாக்குதல்

செப்டம்பர் 22 இரவு ஒன்பது மணிக்கு மேல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் நகரத்தில் விளக்குகள் அணைக்கப்படவில்லை. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் நின்று, தேடுவிளக்கைப் போட்டுக்கொண்டு, கப்பல் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. குறி வைத்தது பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளுக்கு. அவை தீப்பிடித்து எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலும் அடிவாங்கியது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுடத் தொடங்கிச் சில குண்டுகளே பாய்ந்த நிலையில் எம்டன் விளக்கை அணைத்து இருளில் மறைந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குப் பக்கச் சுவரில் இந்தத் தாக்குதலை நினைவுகூரும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

சேதத்தைவிடக் கிலிதான் பெரிது. கப்பல் திரும்பி வருமென்ற வதந்தியில் மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். கதைகளும் கிளம்பின. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்து வழிகாட்டினார் என்பது அவற்றில் புகழ்பெற்றது. ஆனால் அந்த நாட்களில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். அவர் எம்டனில் பயணம் செய்ததற்கு ஆவணச் சான்று கிடையாது.

முடிவு

சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போன எம்டன், அக்டோபரில் டீகோ கார்சியாவில் நின்றது. போர் தொடங்கிய செய்தியே அந்தத் தீவுக்கு எட்டியிருக்கவில்லை. பகை நாட்டுக் கப்பல் என்று அறியாமல் தீவினர் விருந்தோம்பினார்கள். மாலுமிகளும் கைம்மாறாகத் தீவு மேலாளரின் மோட்டார் படகைப் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து, ஷெம்சுக் என்ற ரஷ்யக் குரூசரையும், வெளியேறும்போது ஒரு பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்க ஐம்பது பேரை இறக்கியது. நிலையத்தார் அதற்குள் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி வந்து சேர்ந்தது. அதன் பீரங்கிகள் இன்னும் பெரியவை, அவற்றின் வீச்சும் அதிகம். சல்லடையான கப்பலை முல்லர் வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறைமீது ஏற்றி நிறுத்தினார். 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையில் மாட்டிக்கொண்ட ஐம்பது பேர் ஹெல்முத் ஃபான் மூக்கே தலைமையில் ‘ஆயிஷா’ என்ற பாய்மரக் கப்பலைக் கைப்பற்றி, சுமத்ரா, அரேபியா வழியாக 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தனர். எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது. பிழைத்தவர்களுக்குத் தம் குடும்பப் பெயருடன் ‘எம்டன்’ என்று பரம்பரையாகச் சேர்த்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது.

பின்வந்த எம்டன்கள்

இரண்டாம் எம்டன் பிரேமன் நகரில் கட்டப்பட்டு 1916 டிசம்பரில் பணியில் சேர்ந்த குரூசர். முந்தைய கப்பலின் நினைவாக முகப்பில் இரும்புச் சிலுவை பொறிக்கப்பட்டிருந்தது. போர் முடிந்து ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃபுளோவில் ஜெர்மன் கப்பல்கள் அடைத்து வைக்கப்பட்டபோது, தளபதி ராய்ட்டர் இதில்தான் தங்கியிருந்தார். 1919 ஜூன் 21 அன்று எல்லாக் கப்பல்களையும் தாமே மூழ்கடித்துக்கொள்ளும்படி அவர் உத்தரவிட்டார். ஆனால் எம்டனைப் பிரிட்டிஷார் கரைக்கு இழுத்து மூழ்காமல் காப்பாற்றினர். பிரான்சுக்குத் தரப்பட்ட அது 1926இல் உடைக்கப்பட்டது.

மூன்றாம் எம்டன், போருக்குப் பின் ஜெர்மனி கட்டிய முதல் பெரிய போர்க்கப்பல் (1925). பயிற்சிக் கப்பலாக உலகைச் சுற்றியது. 1930களின் தொடக்கத்தில் இதன் தலைவராக இருந்த விட்ஹோஃப்ட்-எம்டன், முதல் எம்டனில் பணியாற்றிப் பிழைத்தவர்; அவர் பெயரிலேயே கப்பல் ஒட்டிக்கொண்டிருந்தது. 1934–35இல் தலைமை வகித்த கார்ல் டோனிட்ஸ் பின்னாளில் ஹிட்லருக்குப் பின் ஜெர்மனியின் அதிபரானவர். 1945 மே மாதம் கீல் அருகே ஜெர்மானியர்களே இதை வெடிவைத்துத் தகர்த்தனர்.

நான்காம் எம்டன் 1961இல் பணியேற்ற ஃபிரிகேட்; 1983இல் துருக்கிக்குப் போய் ‘கெம்லிக்’ ஆனது. ஐந்தாவது, பெயருக்குரிய எம்டன் நகரிலேயே கட்டப்பட்டு 1983 முதல் 2013 வரை ஓடியது. ஆறாவது கொர்வெட் வகை. 2025 தொடக்கத்தில் இதன் இயந்திரப் பகுதிக்குள் யாரோ உலோகத் துகள்களைக் கொட்டியதாக ஜெர்மானியப் பத்திரிகைகள் எழுதின.

தமிழில் எம்டன்

தமிழில் ‘எம்டன்’ என்றால் யாருக்கும் அடங்காதவன், பொல்லாத கண்டிப்புக்காரன், எதிலும் சிக்காத கெட்டிக்காரன். திட்டும் பாராட்டும் ஒரே சொல்லில் இருப்பதற்கு அதன் பிறப்பே காரணம்: கப்பலுக்குப் பயந்த அதே ஊர், வெள்ளைக்காரனுக்கே தண்ணி காட்டியது என்று அதை ரசிக்கவும் செய்தது. ‘எமண்டன்’ என்ற பேச்சு வடிவத்தில் எமனின் நிழலும் விழுகிறது. மலையாளத்தில் ‘யமண்டன்’ என்றால் பிரம்மாண்டமானது. சிங்களத்திலும் இது தந்திரக்காரனைக் குறிக்கும்.

கடல் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஓசூரின் தொழிற்பேட்டையில் ஒருவர், “சூப்பர்வைசர் சரியான எம்டன்பா, அஞ்சு நிமிஷம் லேட்டானா அரைநாள் கட்” என்றால், கேட்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. சொன்னவருக்கு ஜெர்மனியில் அப்படி ஓர் ஊர் இருப்பது தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.

2006இல் திருமுருகன் இயக்கத்தில், கண்டிப்பான தந்தையாக நாசர் நடித்த திரைப்படத்துக்கு ‘எம்டன் மகன்’ என்றே பெயர் வைத்தார்கள். தமிழ்ப் பெயர் கொண்ட படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு இருந்த காலம் அது. அந்தச் சலுகைக்காகப் பெயர் ‘எம் மகன்’ என்று சுருங்கியது. 92 ஆண்டு புழங்கிய பிறகும் வரிக்கணக்கில் எம்டன் அயலான்தான்.

ஒப்பீடு

பழைய கப்பலின் பெயரைப் புதியதற்கு இடுவது கடற்படைகளின் பொது மரபு. ஓசூர் ஒருகாலத்தில் எந்த அரசின் கீழ் இருந்ததோ அந்த மைசூரின் பெயரை, இந்தியக் கடற்படை 1957இல் ஒரு குரூசருக்கும் 1999இல் ஒரு நாசகாரிக் கப்பலுக்கும் வைத்தது. அமெரிக்காவின் ‘எண்டர்பிரைஸ்’ இன்னும் தூரம் போனது. இரண்டாம் உலகப்போரின் விமானந்தாங்கி, 1961இல் வந்த அணுசக்தி விமானந்தாங்கி, 1966இல் ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரின் கற்பனை விண்கலம் என்று பரவி, அந்தத் தொடரின் ரசிகர்கள் எழுதிய கடிதங்களால் 1976இல் நாசாவின் சோதனை விண்ணோடத்துக்கும் வந்து சேர்ந்தது. எண்டர்பிரைஸ் எங்கே போனாலும் ஏதாவது ஒரு கலத்தின் பெயராகவே இருந்தது. எம்டனுக்குத் தமிழில் கலம் தேவைப்படவில்லை. கடைக்குட்டிப் பையன் ஒருவன் போதும்.