பறந்துபோன கூரையும் பதிவாகாத இழப்பும்: புயலுக்குப் பின் இழப்பீடு கோருவோர் அறிய வேண்டியவை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அடுத்து வந்த நாட்களில் டெல்டாவின் தலித் குடியிருப்புகளில் நாங்கள் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி ஒன்றுண்டு. கணக்கெடுக்க வந்தவர் தார்ச்சாலையிலேயே நின்று பார்ப்பார். கீற்று முழுவதும் பறந்து, மண்சுவர் மட்டும் எஞ்சிய வீட்டுக்கு நேரே ‘பகுதி சேதம்’ என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். கூரையை ஓரிரவில் காற்று பறித்தது. இழப்பீட்டு உரிமையை அந்த இரண்டு சொற்கள் பறித்தன.

கூரை இழந்த குடும்பத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் நிறுவனத்திடம் ஒப்பந்தப்படி கோருவது. மற்றொன்று, பேரிடர் நிவாரணத்தை அரசிடம் கோருவது. இரண்டிலும் முடிவைத் தீர்மானிப்பது முதல் சில நாட்களில் காகிதத்தில் ஏறும் பதிவே.

முதல் வேலை: சான்று

இடிபாட்டை அகற்றும் முன் படம் எடுக்க வேண்டும். தெருவும் அண்டை வீடுகளும் தெரியும்படி தொலைவிலிருந்து ஒன்று, உள்ளே நின்று வானம் தெரியும்படி ஒன்று, முறிந்த சட்டம், உடைந்த ஓடு, கிழிந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஆகியவற்றை அருகிலிருந்து சில. நனைந்து பாழான அரிசி, பாத்திரம், புத்தகம், சான்றிதழ் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். கொத்தனாரிடமோ தச்சரிடமோ செலவு மதிப்பீட்டை எழுதி வாங்கிக் கையொப்பம் பெற வேண்டும்.

பார்வையிட ஆள் வரும்வரை மழையில் நனைந்துகொண்டிருக்கத் தேவையில்லை. சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது காப்பீடு பெற்றவரின் கடமையும்கூட. படம் எடுத்தபின் தார்ப்பாய் கட்டலாம். வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். உடைந்த பொருட்களில் சிலவற்றையேனும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

காப்பீடு இருக்கிறதா என்று தேடுங்கள்

“எங்களுக்கு ஏது இன்சூரன்ஸ்?” என்பதே பெரும்பாலும் நாங்கள் கேட்கும் பதில். ஆனால் வீட்டுக்கடன் பெற்ற குடும்பங்களில், வங்கியே பிரீமியத்தைப் பிடித்துக் காப்பீடு செய்திருப்பதும் அது குடும்பத்துக்கே தெரியாமலிருப்பதும் உண்டு. கடன் கணக்கின் அறிக்கையைப் பார்த்து, பாலிசியின் நகலை எழுத்துமூலம் கேட்க வேண்டும்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் ஒரே தரமான வீட்டுக் காப்பீட்டை வழங்க வேண்டும். புயல், சூறாவளி, வெள்ளம் ஆகியவை அதில் அடங்கும். காப்பீட்டுத் தொகை வீட்டின் மதிப்பைவிடக் குறைவு என்று காட்டி விகிதப்படி வெட்டும் பழைய வழக்கத்துக்கு அதில் இடமில்லை. இடிபாட்டை அகற்றும் செலவுக்கும் வரம்புக்குட்பட்டு வழியுண்டு. கூரை பழையது என்பதாலேயே புயல் சேதத்தைத் ‘தேய்மானம்’ என்று ஒதுக்க முயன்றால், முந்தைய நாள்வரை அக்கூரை முழுமையாக இருந்ததற்கான படமும் அயலார் வாக்குமூலமும் உதவும்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். கீற்று, புல், மூங்கில், தார்ப்பாய் ஆகியவற்றால் ஆனவற்றைப் பாலிசி ‘கச்சா கட்டுமானம்’ என்று தனியே வரையறுக்கிறது. எனவே விண்ணப்பத்தில் கட்டுமான வகை என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும். முகவர் நிரப்பிய தவறான ஒரு கட்டம் பின்னாளில் கோரிக்கையை நிராகரிக்கக் காரணமாகக் காட்டப்படலாம்.

சேதத்தை உடனே தெரிவித்து, கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் சொன்னதை மின்னஞ்சலிலோ பதிவு அஞ்சலிலோ உறுதிப்படுத்த வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாட்களுக்குள் அவரது அறிக்கை பெறப்பட வேண்டும். அறிக்கை வந்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காகவே கோரிக்கையை நிராகரிக்கவும் கூடாது. சர்வேயர் வரும்போது குடும்பத்தினருடன் விவரம் அறிந்த ஒருவரும் உடனிருந்து, அவர் அளப்பதையும் எழுதுவதையும் குறித்துக்கொள்வது நல்லது.

நிராகரித்தால்

நிராகரிப்பை எழுத்தில் கேட்க வேண்டும். சர்வேயரின் அறிக்கை இறுதிச் சொல் அன்று. அதற்கு மாறான சான்று இருந்தால் அதை ஏற்க மறுக்கலாம் என்பதை 2009இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் நிறைவளிக்கவில்லையென்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். அல்லது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டாண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம் என்பது இச்சட்டம் தந்த முக்கியமான வசதி.

அரசு நிவாரணம்: சலுகை அன்று

பெரும்பாலான நம் மக்களுக்கு எஞ்சியிருப்பது இரண்டாம் வழியே. 2022–26 காலத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதிமுறையின்படி, சமவெளியில் முழுமையாக அழிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி சேதமடைந்த கல்வீட்டுக்கு 6,500 ரூபாய். கச்சா வீட்டுக்கு 4,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். மாநில அரசு இதற்கு மேலும் அறிவிக்கலாம். ‘வீடு’ என்பதற்கும் ‘குடிசை’ என்பதற்கும், ‘முழு’ என்பதற்கும் ‘பகுதி’ என்பதற்கும் இடையே எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை இந்த எண்களே சொல்லும். எந்தச் சொல்லை எழுதுகிறார்கள் என்று அந்த இடத்திலேயே கேட்க வேண்டியது இதனால்தான்.

வீட்டுக்கான தொகை பெற, அது அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானமாக இருக்க வேண்டும் என்கிறது அவ்விதிமுறை. தலைமுறை தலைமுறையாகப் புறம்போக்கில் வாழ வைக்கப்பட்டவர்களுக்கு இது மூடிய கதவு. பட்டா இல்லையென்றால் வீட்டுவரி ரசீது, மின்கட்டண அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், ஏன், ஆக்கிரமிப்பாளர் என்று வருவாய்த்துறையே கொடுத்த பி-மெமோவைக்கூட அங்கே வாழ்ந்ததற்குச் சான்றாக வைக்கலாம். வெளியேற்றக் கொடுத்த காகிதமே குடியிருப்புக்குச் சாட்சி சொல்லும்.

விண்ணப்பத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுப்பதோடு நிற்காமல், வட்டாட்சியருக்கும் நகல் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். கணக்கெடுப்புப் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியே அலைவதைவிட, தெரு முழுவதையும் வீடுவாரியாகப் பட்டியலிட்டு ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒன்றாக வைப்பது வலிமையானது. ஊருக்கும் காலனிக்கும் கணக்கெடுப்பில் உள்ள வேறுபாடு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

சட்டம் தரும் ஆயுதங்கள்

அந்த வேறுபாடு வெறும் கவனக்குறைவு அன்று. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 61ஆம் பிரிவு, நிவாரணமும் இழப்பீடும் வழங்குகையில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. மனுவில் இப்பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். கருணையைக் கேட்கும் மனுவுக்கும் கடமையைச் சுட்டும் மனுவுக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருப்பதில்லை.

வழக்குச் செலவுக்கு அஞ்சிப் பின்வாங்கவும் வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். பேரிடரில் பாதிக்கப்பட்டோர் எவராயினும் அவர்களையும் அதே பிரிவு சேர்க்கிறது. வட்ட அளவிலான நீதிமன்ற வளாகத்திலேயே இக்குழு இயங்குகிறது.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே உங்கள் தெருவின் ஒவ்வொரு கூரையையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வரி ரசீதுகளையும் பி-மெமோக்களையும் நகலெடுத்து, நீர் புகாத உறையில் ஓரிடத்தில் சேருங்கள். அடுத்த முறை தார்ச்சாலையில் நின்று ‘பகுதி சேதம்’ என்று எழுத ஒருவர் வரும்போது, அவரை வீட்டுக்குள் அழைத்து வந்து வானத்தைக் காட்ட அந்தப் படங்கள் துணைநிற்கும்.