தலையில் மாட்டும் விளக்கு

கண் டொக்டர் தலையில் மாட்டிக்கொண்டு குனிகிறாரே, அந்த விளக்கை உருவாக்கியவர் ஒரு தலைமறைவுக்காரர். பெல்ஜியத்துக் கண் மருத்துவர் சார்ள்ஸ் ஷெபென்ஸ், நாசிகளுக்குத் தப்பி, பிரான்சின் பிரெனே மலையடிவாரத்தில் பொய்ப்பெயரில் மர ஆலை நடத்தினார். அந்த மறைவில் ஆட்களை ஸ்பெயினுக்குக் கடத்திவிட்டார். 1943இல் கெஸ்டாப்போ தேடிவர, காட்டுக்குள் ஓடி, கடைசியில் இங்கிலாந்து சேர்ந்தார். அங்கேதான் இந்தக் கருவியைச் செய்தார். 1947இல் பொஸ்டனுக்குப் போனார்.

விழித்திரை கழல்வது அதில் விழும் கிழிசலால்தான், அதைத் தேடி அடைக்கவேண்டும் என்று சுவிற்சர்லாந்தின் ஜூல் கொனன் முன்பே காட்டியிருந்தார். கிழிசலோ பெரும்பாலும் ஓரத்தில் விழும். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிமுகப்படுத்திய ஒற்றைக்கண் கருவிக்கு ஓரம் சரியாக எட்டாது. ஷெபென்ஸின் விளக்கில் இரு கண்ணாலும் ஆழம் தெரியப் பார்க்கலாம், விளக்கைப் பிடிக்கக் கை வேண்டாம். ஒரு கையில் வில்லை, மற்றதில் இமைக்கு மேலால் விழியை அழுத்தும் சிறு கம்பி. படம் தலைகீழாகத் தெரியும் என்பதுதான் பழகுகிறவர்களுக்குப் பெரிய பாடு.

பொஸ்டனில் ஷெபென்ஸிடம் பயின்றவர்களில் ஒருவர் எஸ்.எஸ். பத்ரிநாத். சென்னைக்குத் திரும்பி 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார்.

நம் திருகோணமலையில் மைனஸ் ஆறு, ஏழு என்று கண்ணாடி போடுகிற பிள்ளைகள் எத்தனை பேர் இந்த விளக்கின் முன் இருந்திருப்பார்கள்? எழுத்துப் பலகையை வாசித்ததோடு சோதனை முடிந்ததாக நினைக்கிறோம். பவர் கூடிய கண் பெரும்பாலும் பின்பக்கம் நீண்ட கண். விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், கிழியவும் கூடும். கண்ணாடி பார்வையைத் திருத்தும், நீளத்தைத் திருத்தாது. லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவருக்கும் இதே கதைதான்.

மெலிவு கண்ட இடமெல்லாம் லேசரால் சுடத் தேவையில்லை. ஆனால் கண்ணுக்குள் மின்னலடித்து, திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தால் அன்றைக்கே காட்டவேண்டும். கிழிசல் மட்டும் என்றால், சுற்றிவரச் சுட்டு ஒட்டவைக்கும் வேலை பெரும்பாலும் கதிரையிலேயே முடியும். ஓரத்திலிருந்து கறுப்புத் திரை ஏறிவிட்டால் சத்திரசிகிச்சைதான். கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கு 250 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் நடுப்பார்வை போகமுன் போய்ச் சேரவேண்டும்.

சோதனைக்கு முன் கண்மணியை விரிக்க மருந்து விடுவார்கள். சில மணித்தியாலம் வெயில் கூசும், எழுத்துத் தெரியாது. அன்றைக்கு மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, கூட ஓராளை அழைத்துப் போங்கள்.