கடல் விலகிய வாயில்

ஒரு நகரின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் அரண்மனைகளையே முதலில் நாடுவர். ஆயின், துறைமுக நகரங்களின் கதை அவற்றின் வாயில்களிலேயே பொதிந்து கிடக்கிறது. முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கையைத் தம் தொன்மைப் பெருமைகளுள் ஒன்றாகப் போற்றும் நமக்கு இஃது எளிதில் விளங்கும். பஹ்ரைன் நாட்டின் தலைநகரான மனாமாவில் நிற்கும் ‘பாப் அல் பஹ்ரைன்’ அத்தகையதொரு வாயிலாகும். அரபு மொழியில் ‘பாப்’ என்பது வாயிலையும், ‘பஹ்ரைன்’ என்பது இரு கடல்களையும் குறிக்கும்.

நெடுங்காலமாக அத்தீவின் செல்வம் முத்துக்குளித்தலால் வந்தது. அம்முத்துகளுக்குப் பம்பாயே பெருஞ்சந்தையாக விளங்கியது. சப்பானிய வளர்ப்பு முத்தும், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் அத்தொழிலை நலிவித்த வேளையில், 1932இல் அங்கு எண்ணெய் கண்டறியப்பட்டது. வருவாய் பெருக, ஆட்சிப் பணிகளும் பெருகின. அரசு அலுவலகங்களுக்கு இடமாகவும் நகருக்கு முகப்பாகவும் 1949இல் எழுந்ததே இவ்வாயில். இதனை வடிவமைத்த சார்லஸ் பெல்கிரேவ் தொழில்முறைக் கட்டடக் கலைஞர் அல்லர். நாளிதழ் விளம்பரமொன்றைக் கண்டு விண்ணப்பித்து, 1926இல் ஆட்சியாளரின் ஆலோசகராக வந்து சேர்ந்த ஆங்கிலேயர்.

வாயிலின் முன்னே சுங்கத்துறையும் கடலும். பின்னே அங்காடித் தெருக்கள். அத்தெருக்களில் இந்தியர் அயலார் அல்லர். சிந்து நாட்டுத் தட்டாவிலிருந்து சென்ற வணிகர் வழிபட்ட ஸ்ரீநாத்ஜி கோயில் அங்கு இரு நூற்றாண்டுப் பழைமை உடையது. வாயில் எழுந்த காலத்தில் அங்காடியில் புழங்கிய பணமும் இந்திய ரூபாயே. 1959இல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடா நாடுகளுக்கெனத் தனி ரூபாயை வெளியிட்டது. 1965இல் பஹ்ரைன் தன் சொந்த தினாரை ஏற்றபோது, பத்து ரூபாய்க்கு ஒரு தினார் என மாற்றப்பட்டது.

வாயிலைக் கட்டியவரின் அதிகாரமோ அதனளவு நிலைக்கவில்லை. 1954இல் தொடங்கிய மக்கள் இயக்கம் ஆட்சிச் சீர்திருத்தத்தோடு ஆலோசகரின் நீக்கத்தையும் கோரியது. 1956இல் அவ்வியக்கம் ஒடுக்கப்பட்டது; தலைவர்கள் நாடு கடத்தப்பட்டனர். எனினும், 1957இல் பெல்கிரேவும் வெளியேறினார். 1971இல் நாடு விடுதலை பெற்றது. 1986இல் இக்கட்டடம் இசுலாமியக் கட்டடக்கலைக் கூறுகளுடன் புதுப்பிக்கப்பட்டது. அயலார் ஒருவர் வரைந்த முகத்தை, நாட்டினர் தம் மரபுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர் என்றே நாம் இதனைக் கொள்ளலாம்.

இதனினும் பெரிய மாற்றத்தைச் செய்தது நிலமே. கடலைத் தூர்த்து நிலமாக்கிய பணி தொடரத் தொடர, அலை ஒலி கேட்ட வாயிலின் முன் சாலைகளும் வானளாவும் மாளிகைகளும் எழுந்தன. பம்பாயிலிருந்து வளைகுடாவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற நெடுங்காலக் கப்பல் போக்குவரத்தும் 1982இல் ஓய்ந்தது. பிழைப்புத் தேடுவோர் வானூர்தியில் இறங்கலாயினர்.

கடல் விலகியபின் அதனை நோக்கி நிற்கும் வாயிலால் யாது பயன் என வினவத் தோன்றும். ஆனால் அங்காடிக்குச் செல்வோர் இன்றும் அதன் வளைவின் கீழ்தான் நுழைகின்றனர். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம் இதனை நன்கு உணர்வோம்: வந்த வழி மறைந்துபோகலாம், வந்தவரை ஏற்ற வாயில் மறக்கப்படலாகாது.