இளவரசர் மீன்

1960-ம் வருஷம் ஜப்பானியப் பட்டத்து இளவரசர் அகிஹிடோ அமெரிக்காவுக்கு விஜயம் செய்தார். சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி அவருக்குக் கொடுத்த வெகுமதி பொன்னுமல்ல, பட்டுமல்ல. உயிருள்ள மீன்கள், இருபதுக்குள்தான். மீன் ஆராய்ச்சியில் ஈடுபாடுள்ள இளவரசருக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு ஏது என்று நாமும்தான் சொல்லியிருப்போம்.

புளூகில் என்பது அதன் பெயர். நீலச் செவுள் என்று அர்த்தம். வட அமெரிக்க ஏரி குளங்களில் வாழும் 'சூரிய மீன்' குடும்பத்தைச் சேர்ந்தது. செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. பருவம் வந்தால் ஆணின் மார்பு செம்மஞ்சளாக ஜொலிக்கும். அப்போது அது கரையோரத்து ஆழமில்லாத ஜலத்துக்கு வந்து, வாலால் மணலை விசிறித் தள்ளித் தாம்பாளம்போல் ஒரு பள்ளம் செய்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு எல்லாம் தகப்பன் பொறுப்பு. துடுப்பை வீசி முட்டைகளுக்குப் புது ஜலம் செலுத்தும். கிட்டே வருகிறவர்களை முட்டித் துரத்தும். குஞ்சுகள் நீந்திப் போகும்வரை இந்தக் காவல்தான். (நடுவில் சில சின்ன ஆண்கள் பெண் வேஷத்தில் நுழைந்து, தங்கள் சந்ததியையும் இந்த அப்பாவியின் தலையில் கட்டிவிட்டுப் போவதுண்டு. கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.)

இளவரசர் அந்த மீன்களை அரசாங்கத்து மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்படைத்தார். யுத்தத்தில் பசியைப் பார்த்த தேசம். ஜனங்களுக்கு நல்ல ஆகாரமாகும் என்று நம்பினார்கள். 1966-ல் ஷிஸுவோகா மாகாணத்து இப்பெகி ஏரியில் விட்டார்கள். 'இளவரசர் மீன்' என்ற செல்லப் பெயரும் வந்தது. ஆனால் சாப்பாட்டு மீனாக அது தேறவில்லை. வளர்ச்சி மெதுவாக இருந்தது. பரவுவதில் மட்டும் மெதுவில்லை.

பீவா ஜப்பானின் மிகப் பெரிய ஏரி, மிகப் புராதனமானதும்கூட. அங்கே மட்டுமே உள்ள மீன்கள் பல. அவற்றில் நிகொரோபுனா என்பதைச் சோற்றிலும் உப்பிலும் மாதக்கணக்காக ஊறவைத்து 'ஃபுனாஸுஷி' செய்வார்கள். நம் ஊர் ஊறுகாய்ப் பெருமை அதற்கு அங்கே உண்டு. அந்த மீன் முட்டையிடுவதும் கரையோரத்து நாணல் ஜலத்தில்தான். தன் முட்டையை அப்படிக் காத்த புளூகில், பிறத்தியார் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றது.

பீவா இருக்கும் ஷிகா மாகாணத்தில், தூண்டிலில் சிக்கிய புளூகிலைத் திரும்ப ஜலத்தில் விடக்கூடாதென்று 2003-ல் தடை வந்தது. 2005-ல் தேசமெங்கும் அதை வளர்ப்பதே சட்ட விரோதமாயிற்று. 2007 நவம்பரில், அப்போது சக்கரவர்த்தியாகிவிட்ட அகிஹிடோ, பீவாவின் கரையிலுள்ள ஓட்ஸு நகரில் மேடையேறினார். அந்த மீனை அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்து கொடுத்தது தாம்தான் என்றும், இப்படி ஆகிவிட்டதை எண்ணி மனம் வேதனைப்படுகிறதென்றும் சொன்னார்.

பின்னால் விஞ்ஞானிகள் ஜப்பானின் பல நீர்நிலைகளில் புளூகில்களைப் பிடித்து மரபணுக்களைச் சோதித்தார்கள். அவை மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள கட்டன்பெர்க் என்ற சிற்றூரின் மீன்களோடு ஒத்துப்போயின. 1960-ல் கப்பலேறாமலே ஜப்பான் வந்த அந்த இருபதுக்குள் அடங்கிய கூட்டம் பிடிபட்ட இடம் அதுதான்.