வெண்ணெயும் கலப்பு வெண்ணெயும்

நெய் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் இருந்த பரப்பு இன்று இல்லை. பாலிலிருந்து பெறுவதும் நெய். எள்ளிலிருந்து பிழிவதும் நெய். எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. வெண்மையான நெய் வெண்ணெய் ஆயிற்று. பின்னர் எண்ணெய் என்பது தன் பிறப்பிடமாகிய எள்ளை மறந்து, கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராய் விரிந்தது. அதனால் எள்ளுக்கே உரியதை நல்லெண்ணெய் என்று அடைமொழியிட்டு அழைக்க வேண்டியதாயிற்று. இலக்கண வகுப்பில் இதனைச் சொல்லும்போது மாணவர்கள் புன்னகை புரிவர். ஆனால் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளாக உலக வாணிகத்தில் இத்தகைய பெயர்ச் சிக்கலே பெருஞ்செல்வத்தைத் திசைதிருப்பியிருக்கின்றது. பாலின் கொழுப்பையும் வித்தின் கொழுப்பையும் ஒன்றாகக் கலந்தால், அப்பொருளுக்கு என்ன பெயர்? அப்பெயரைச் சூட்டும் உரிமை யாருடையது? கறவை வளர்ப்பவனுடையதா, ஆலை வைத்திருப்பவனுடையதா, சுங்கச்சாவடியில் அமர்ந்திருக்கும் அதிகாரியுடையதா? இந்த வழக்கின் வரலாற்றையே இப்பொழுது கூற விழைகின்றேன்.

கொருக்குப்பேட்டையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். சரக்கு வந்துபோகும் வழிகள் அவ்வூரைச் சூழ்ந்துள்ளன. 1806ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்னும் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டுவித்தார். அதுவே பின்னர் நீண்டு, 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்னும் பெயர் பெற்றது. காக்ரேன் பேசின் சாலை என்று ஒரு சாலை இன்றும் அப்பகுதியில் உண்டு. கிழக்கே சிறிது தூரத்தில், 1856இல் தென்னாட்டின் முதல் புகைவண்டி புறப்பட்ட இராயபுரம் நிலையம். அதற்குத் தெற்கே, 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து மீண்டும் எழுந்த துறைமுகம். உள்நாட்டு விளைபொருள் கடலுக்குச் செல்வதையும் கடல் கடந்த பொருள் உள்நாட்டுக்கு வருவதையும் ஒருங்கே காணத்தக்க ஊர்கள் நம் நாட்டில் பல இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கரையிலிருந்து சென்ற பொருள்களுள் ஒன்று நிலக்கடலை. தென்னார்க்காட்டார் அதனை மணிலாக்கொட்டை என்பர். புதுச்சேரி வழியாகவே அதன் பெரும்பகுதி பிரான்சு நாட்டு மார்செய் நகர ஆலைகளுக்குச் சென்றது. முதலில் அதன் எண்ணெய் சவுக்காரத்துக்கே மிகுதியும் பயன்பட்டது. அந்தப் பிரான்சிலேயே 1869ஆம் ஆண்டில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. படைவீரர்க்கும் ஏழைகட்கும் மலிவான, விரைவில் கெடாத வெண்ணெய் வேண்டும் என்று மூன்றாம் நெப்போலியன் கேட்க, மேழ்-மூரியே என்னும் வேதியியலார் மாட்டுக்கொழுப்பையும் ஆடை நீக்கிய பாலையும் கலந்து ஒரு பொருளைப் படைத்து உரிமம் பெற்றார். அதற்கு இட்ட பெயர் மார்கரின். முத்து என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. முதல் மாற்று வெண்ணெயே ஒரு கலவைதான் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

அக்கண்டுபிடிப்பால் பொருள் ஈட்டியவர் அதனைக் கண்டவர் அல்லர். ஆலந்து நாட்டு வெண்ணெய் வணிகர்களே. ஓஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த யூர்கென்சு குடும்பத்தார் 1871இல் செய்முறையைப் பெற்றனர். அவ்வூரிலேயே வாழ்ந்த வான் டென் பெர்க் குடும்பத்தார் போட்டிக்கு நின்றனர். மாட்டுக்கொழுப்பு போதாமற் போகவே தாவர எண்ணெயை நாடினர். எண்ணெயோ நீர்போல் ஓடுவது. ரொட்டியில் தடவ நிற்காது. 1902இல் செருமானியராகிய வில்லெம் நோர்மான் நீரியக வாயுவை எண்ணெயினுள் செலுத்தி அதனை உறையச் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். அதன்பின் உலகின் எந்த மூலையில் விளைந்த எண்ணெய்வித்தும் வெண்ணெய்க்குப் போட்டியாளன் ஆகிவிட்டது. போட்டியிட்ட இரு குடும்பத்தாரும் 1927இல் ஒன்றுசேர்ந்தனர். 1930இல் ஆங்கிலச் சவுக்கார நிறுவனமாகிய லீவர் சகோதரருடன் இணைந்து யூனிலீவர் ஆயினர். சவுக்காரத்துக்கும் வெண்ணெய்க்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இரண்டுக்கும் வேண்டிய மூலப்பொருள் ஒன்றே. சந்தையில் ஒருவரோடொருவர் மோதி விலையை ஏற்றிக்கொள்வதினும் கூடி வாங்குவது நன்று என்பதே அவ்வுறவு.

இதற்குள் கறவை வளர்ப்போர் விழித்துக்கொண்டனர். அமெரிக்காவில் 1886இல் மார்கரின்மீது வரி விதித்துச் சட்டம் இயற்றினர். 1902இல் அதனைத் திருத்தி, மஞ்சள் நிறம் ஊட்டிய மார்கரினுக்கு இராத்தலுக்கு 10 சென்டும், நிறமூட்டாததற்குக் கால் சென்டும் வரி என்றனர். மஞ்சள் நிறம் வெண்ணெய்க்கே உரிய அடையாளம் என்பது அவர்கள் வாதம். (புல் வற்றிய குளிர்காலத்தில் வெண்ணெயும் வெளுத்துப்போகும், அப்பொழுது வெண்ணெய்க்காரரும் சாயம் சேர்ப்பதுண்டு என்பதை அவர்கள் உரக்கச் சொல்லவில்லை.) நியூ ஆம்ப்சயர் மாநிலம் ஒருபடி மேலே சென்று, மார்கரினுக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்ற வேண்டும் என்று கட்டளையிட்டது. அதனை யார் வாங்குவர்? 1898இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. வணிகரும் சளைக்கவில்லை. வெள்ளை மார்கரினோடு சாயத்தையும் தனியே வைத்து விற்றனர்; இல்லத்தரசிகள் தம் கையாலேயே பிசைந்து மஞ்சளாக்கிக் கொண்டனர். நாடு தழுவிய வரி 1950இல் நீங்கியது. ஆயினும் விசுகான்சின் மாநிலத்தில் 1967 வரையிலும், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2008 வரையிலும் மஞ்சள் மார்கரினுக்குத் தடை இருந்தது.

நம் நாட்டில் இவ்வழக்கு தலைகீழாக நடந்தது. ஆலந்து வணிகர் 1918ஆம் ஆண்டளவில் இங்கே கொண்டுவந்தது ரொட்டியில் தடவும் மார்கரின் அன்று. நெய்க்கு மாற்றாகிய வனஸ்பதி. உறைந்த எண்ணெயைப் பதமாக்கினால் உருக்கி உறைந்த நெய்போலவே மணல்மணலாக இருக்கும். 1931இல் இந்துஸ்தான் வனஸ்பதி உற்பத்தி நிறுவனம் பதிவாயிற்று. மறு ஆண்டிலேயே பம்பாய் சிவ்ரியில் உற்பத்தி தொடங்கியது. முன்னர் அப்பொருளை இறக்குமதி செய்துவந்த தாதா என்பவரின் பெயருக்கு நடுவே லீவரின் முதலெழுத்தைச் செருகி டால்டா என்னும் பெயர் பிறந்தது என்பர். 1951இல் திருச்சிராப்பள்ளி வனஸ்பதி ஆலையையும் அவர்கள் வாங்கினர். பனைமரம் வரைந்த மஞ்சள் டப்பாவை அறியாத வீடு அக்காலத்தில் இல்லை. உள்ளிருந்தது தீர்ந்தபின் அரிசி அளக்கவும் துளசி வளர்க்கவும் அது பயன்பட்டது. எங்கள் இளமையில் எந்த ஆலையின் வனஸ்பதியையும் டால்டா என்றே சொல்வோம்.

தீங்கு நேர்ந்தது எங்கெனில், அது நெய்யோடு கலந்து நெய் என்றே விற்கப்பட்ட இடத்தில். காந்தியடிகள் வனஸ்பதியை ஏற்கவில்லை. 1950இல் பண்டித தாகூர் தாஸ் பார்கவா அதனை அடியோடு தடைசெய்ய நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. தடை இயலாதாயின் சாயமேனும் ஏற்றுவோம் என்று அரசு எண்ணியது. அமெரிக்காவில் நிறமூட்டக்கூடாது என்று சட்டம். இங்கோ நிறமூட்ட வேண்டும் என்று தேட்டம்! ஆனால் உடலுக்குத் தீங்கற்றதும், அடுப்பின் சூட்டில் நிலைப்பதும், எளிதில் நீக்கவியலாததுமான சாயம் அறிஞர்க்கு அகப்படவில்லை. அகப்பட்ட வழி வேறு. வனஸ்பதியில் 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதித்தனர். நல்லெண்ணெய் கலந்த கொழுப்போடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிறிது சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால் அமிலம் செந்நிறம் கொள்ளும். நெய் என்று விற்றது சிவந்தால் கலப்படம் வெளிப்படும். கண்ணுக்குத் தெரியாத சாயமாக எள்ளே வந்து நின்றது. பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டத்தக்க இச்சோதனையைப் போல நம் உணவுச் சட்ட வரலாற்றில் எனக்கு மகிழ்ச்சி தருவது வேறொன்று இல்லை.

அடுத்து ஒரு விந்தையான இறக்குமதி. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தன் உழவர்க்கு விலை உறுதி அளித்ததன் பயனாக, விற்கவியலாத வெண்ணெய் அங்கே மலைபோற் குவிந்தது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்துக்கு 1,26,000 டன் பால்மாவும் 42,000 டன் வெண்ணெய்க்கொழுப்பும் நன்கொடையாக ஒதுக்கப்பட்டன. இரண்டையும் நீரோடு சேர்த்து மீண்டும் பாலாக்கிப் பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை ஆகிய நகரங்களில் விற்பது திட்டம். நன்கொடைதானே என்று மலிவாக விற்றிருந்தால் சிற்றூரில் 2 எருமை வைத்திருப்பவன் தொழிலை விட்டிருப்பான். ஆதலின் உள்நாட்டுப் பாலின் விலையைக் கெடுக்காத விலைக்கு விற்று, அப்பணத்தைக் கூட்டுறவுச் சங்கங்களிலும் குளிரூட்டு நிலையங்களிலும் முதலிடச் செய்தார் வர்கீஸ் குரியன். அயல்நாட்டுப் பொருளை நம்பியிருக்கும் பழக்கம் வேரூன்றிவிடும் என்று எதிர்த்தோரும் இருந்தனர். அவர்கள் அச்சம் வீணானது என்று அக்காலத்தில் யாரும் உறுதி கூறியிருக்க முடியாது. 1990களின் இறுதியில் இந்தியா அமெரிக்காவை விஞ்சி உலகிலேயே மிகுதியாகப் பால் தரும் நாடாயிற்று.

பெயரால் மட்டுமே ஒரு தொழில் பிறந்து, வளர்ந்து, மறைந்ததைக் காண வேண்டின் இலங்கையை நோக்க வேண்டும். இந்திய-இலங்கைத் தடையில்லா வாணிக உடன்பாடு 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அயல்நாட்டு மூலப்பொருளைக்கொண்டு இலங்கையில் ஒன்றைச் செய்தால், குறித்த அளவு மதிப்பு அங்கே கூடியிருக்க வேண்டும். சுங்க அட்டவணையில் அதன் தலைப்பு எண்ணும் மாறியிருக்க வேண்டும். அவ்வாறாயின் அது இலங்கைப் பொருளாகும். பாமாயிலின் தலைப்பு எண் 1511. வனஸ்பதியின் எண் 1516. பாமாயிலை ஆலையில் உறையச் செய்தவுடன் எண் மாறிவிடுகின்றது! இந்தியாவிலோ 2005இல் கச்சாப் பாமாயிலுக்கு 80 விழுக்காடு இறக்குமதித் தீர்வை. இலங்கையில் தீர்வை குறைவு. இதனைக் கண்ட இந்திய முதலாளிகள் பலர் கடல் கடந்து ஆலை அமைத்தனர். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பிழிந்த எண்ணெய், இலங்கையில் உறைந்து, தீர்வையின்றி இந்தியாவுக்குள் வந்தது. இங்குள்ள ஆலைக்காரர் முறையிட்டனர். வனஸ்பதி, ரொட்டிக்கடைக் கொழுப்பு, மார்கரின் மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 2,50,000 டன்னுக்கு மேல் வரக்கூடாது என்று எல்லை வகுக்கப்பட்டது. வனஸ்பதியை மட்டும் தடுத்தால் அதுவே வேறு பெயரில் வரும் என்பதை அதற்குள் அதிகாரிகள் கற்றிருந்தனர். நேபாளத்துடனும் இதே தொல்லை எழுந்து, 2002இல் 1,00,000 டன் என்று வரம்பிட்டிருந்தனர்.

முடிவு எல்லையால் வரவில்லை. 2008 ஏப்ரலில், விலைவாசி ஏற்றத்தைத் தணிக்க இந்தியா கச்சா எண்ணெய் வகைகளின் தீர்வையை முற்றும் நீக்கியது. பாமாயில் நேரே சென்னைக்கும் காண்ட்லாவுக்கும் தீர்வையின்றி வருமாயின், அது கொழும்பு வழியே சுற்றிவர வேண்டிய தேவை என்ன? இலங்கை ஆலைகள் ஓய்ந்தன. அங்கே நாட்கூலிக்கு உழைத்தவர்கள் தம் வேலையை ஆக்கியதும் அழித்ததும் தில்லியில் எழுதப்பட்ட ஓர் எண்ணே என்பதை அறிந்திருப்பரோ என்னவோ.

இனி, இன்று உலகக் கடைகளில் பெருகியுள்ள கலப்பு வெண்ணெய்க்கு வருவோம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெய் கல்போல் இருக்கும். கடுகினத்தைச் சேர்ந்த ஒரு வித்தின் எண்ணெயை வெண்ணெயோடு கடைந்து, எடுத்தவுடன் தடவத்தக்கதாய் 1969இல் பிரகோட் என்னும் பெயரில் சுவீடன் நாட்டார் விற்றனர். இது ஏமாற்று அன்று. இரண்டும் கலந்தது என்று சொல்லியே விற்றது. ஆயினும் சுங்க அட்டவணை இதனைக் கண்டு தடுமாறுகின்றது. பாற்கொழுப்பு 80 விழுக்காட்டுக்குக் குறையாதிருப்பின் வெண்ணெய். 39க்கு மேல் 80க்குள் இருந்து, வேறு கொழுப்பே இல்லாதிருப்பின் பாற்கொழுப்புத் தடவல். தாவரக் கொழுப்போடு கலந்து பாற்கொழுப்பு 15 விழுக்காட்டைத் தாண்டாவிடின் மார்கரின் குடும்பம். தாண்டினால் பெரும்பாலும் பலவகை உணவுப் பண்டங்கள் என்னும் 21ஆம் அத்தியாயம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு தீர்வை. கனடாவில் 1990களில் 49 பங்கு வெண்ணெய்க்கொழுப்பும் 51 பங்கு சர்க்கரையும் கலந்த பொருள் வந்திறங்கியதும் இவ்வாறே. வெண்ணெய்க்கு இருந்த வரம்பு அக்கலவைக்கு இல்லை; பனிக்கூழ் ஆலைகள் வாங்கிக்கொண்டன; பால் உழவர் கொதித்தெழுந்தனர்.

2011ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தியாவில் கொழுப்புத் தடவல் மூவகை: பாற்கொழுப்பு, தாவரக் கொழுப்பு, இரண்டும் கலந்தது. எவ்வகை என்பதை உறையில் எழுத வேண்டும். எண்ணெயை அரைகுறையாக உறையச் செய்யும்போது தோன்றும் மாறுபக்கக் கொழுப்பு இதயத்துக்குத் தீங்கு என்பதால், 2022 சனவரி முதல் அது 2 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. அயல்நாட்டு வெண்ணெய் தாராளமாக வருவதைப் பற்றிய அச்சமோ இன்னும் தீரவில்லை. 2019 நவம்பரில் ஆசிய-பசிபிக் நாடுகளின் பெரிய வாணிக உடன்பாட்டிலிருந்து இந்தியா விலகியதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் நியூசீலாந்துப் பால்பொருளும் ஒன்று.

உறையில் எழுதியது தேநீர்க்கடைக்கு வந்துசேர்வதில்லை. கொருக்குப்பேட்டையில் மாலையில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வாங்கித் தின்னும் பன் பட்டர் சாமில் பட்டர் என்பது எது? வெண்ணெயா, மார்கரினா, கலப்பா? தட்டில் வைத்துத் தருபவர் சொல்வதில்லை; தின்பவரும் கேட்பதில்லை. ஆனால் விலை சொல்லிவிடும். 2022 ஏப்ரல் 28ஆம் நாள் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23ஆம் நாள் மீண்டும் திறந்தது. தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் நாட்டில், அந்த 25 நாட்களும் எண்ணெய் வணிகர் கணக்கேட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. பசுவின் மடியிலிருந்து வந்த வெண்ணெய்க்கு ஜகார்த்தாவின் ஆணையால் ஆவது ஒன்றுமில்லை.