ஒரே முகாம், மூன்று பெயர்கள்: அகதிப் பணியும் சேரியின் வரலாறும்

(பீளமேட்டில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அகதிகளிடையே கிறிஸ்தவ அமைப்புகள் செய்த பணியின் வரலாறு பெரும்பாலும் கொடுத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்தச் சபை எந்த ஆண்டு வந்தது, எத்தனை பள்ளி திறந்தது, யார் அடிக்கல் நாட்டினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாங்கிக்கொண்டவர்கள் யார், எந்தச் சேரியிலிருந்து கிளம்பிப் போனவர்கள், எத்தனை தலைமுறையாக அலைகிறார்கள் என்பது இருக்காது. நம் மூத்த தோழரின் நினைவில் கூடியிருக்கும் இந்த மேடையில், அந்த வரலாற்றை வாங்கியவர்களின் பக்கமிருந்து படித்துப் பார்க்க விரும்புகிறோம்.

அதற்கு இராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் மண்டபம் முகாமிலிருந்து தொடங்க வேண்டும். இன்று மண்டபம் என்றால் ஈழ அகதிகள் முதலில் கொண்டுவரப்படும் இடம் என்றே நமக்குத் தெரியும். ஆனால் அந்த முகாம் அகதிகளுக்காகக் கட்டப்பட்டதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தடுத்து வைத்து, மருத்துவச் சோதனை செய்து, கப்பலேற்றுவதற்காக இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் அது. பின்னாளில் தாயகம் திரும்பியோர் அதே முகாமில் இறங்கினார்கள். அதற்கும் பின்னால் அகதிகள் இறங்கினார்கள். கூலி, தாயகம் திரும்பியோர், அகதி என்று பதிவேட்டில் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. மூன்று பெயர்களுக்குள்ளும் வந்தவர்களில் கணிசமானோர் பள்ளர், பறையர், அருந்ததியர் சமூகங்களைச் சேர்ந்த நம் மக்கள்.

முதல் பெயரை எடுத்துக்கொள்வோம். 19-ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்தவர்கள் கங்காணிகள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சம் போன்ற காலங்களில் அவர்களுக்கு வேலை எளிதாக இருந்தது. பண்ணையாரின் கடனிலிருந்து தப்பிக்கக் கப்பலேறியவர் கங்காணியின் கடனில் விழுந்தார். ஒரு தோட்டத்தின் கடனை அடைக்காமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதபடி கட்டிப்போட்ட ‘துண்டு’ முறை 1921-ல்தான் ஒழிக்கப்பட்டது.

இந்த மக்களிடையே வேலை செய்யத்தான் 1854-ல் கண்டியை மையமாகக் கொண்டு ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கம் ஓர் அமைப்பைத் தொடங்கியது. அதன் பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டு லயன்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் முதன்முதலாக எழுத்தைத் தொட்டதில் அந்த உபதேசியார்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சேரிக்குப் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட காலத்தில் அது சிறிய காரியமல்ல. அதே நேரம், தோட்டத் துரைமார்கள் அழைத்து, தோட்டத் துரைமார்களின் நன்கொடையில் நடந்த பணி அது. துரையின் பணத்தில் நடக்கும் பள்ளியில் பாடம் சொல்லலாம். துண்டுச் சீட்டைப் பற்றிப் பேச முடியாது. எழுத்தும் மௌனமும் ஒரே கையால் கொடுக்கப்பட்டன. இந்தச் சிக்கல் பின்னாலும் நம்மோடு வருகிறது.

இரண்டாவது பெயர் சட்டத்தால் உருவானது. இலங்கை விடுதலை பெற்ற 1948-லேயே நிறைவேற்றப்பட்ட 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்குரிமையும் போனது. தமிழ்த் தலைமைக்குள்ளேயே இதை ஏற்க மறுத்துப் பிரிந்து, 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். அவர் கிறிஸ்தவர். பின்னால் வரும் கதைக்காக அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம்.

1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். நீலகிரியில் அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ ஆனது. 1969-ல் ரெப்கோ வங்கி பிறந்தது. இத்திட்டங்களுக்குள் வராதவர்கள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தனியார் தோட்டங்களுக்குப் போனார்கள். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் வேலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. பாட்டன் விட்டுப்போன ஊருக்குத் திரும்பியவர்களைச் சேரி அடையாளம் கண்டுகொள்ளவில்லை; ஊர் மட்டும் உடனே அடையாளம் கண்டுகொண்டது. அங்கே நூறு ஆண்டு இருந்து வந்தாலும் இங்கே சாதி காத்திருந்தது.

இக்காலத்தில் கிறிஸ்தவப் பணிக்குள்ளும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1972-ல் கண்டியில் இயேசு சபைத் துறவி பால் காஸ்பர்ஸ் ‘சத்யோதய’ மையத்தைத் தொடங்கினார். சிங்களரும் தமிழரும் சேர்ந்து தோட்டத் தொழிலாளரின் உரிமை பற்றிப் பேசிய இடம் அது. துரையின் நன்கொடையில் வளர்ந்த பணிக்கும் இதற்கும் நடுவே நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க வைத்தது, தாங்களே சங்கம் கட்டித் தெருவில் இறங்கிய தோட்டத் தொழிலாளர்களின் போராட்டம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

மூன்றாவது பெயருக்கு வருவோம். 1977 வன்முறையில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போய், காந்தியம் இயக்கத்தின் உதவியோடு காடு திருத்திக் குடியேறின. 1983 ஜூலைக்குப் பிறகு அங்கிருந்தும் ஓட வேண்டியதாயிற்று. இராமேசுவரம் கடலில் இறங்கியபோது அவர்களைப் பதிவேடு ‘இலங்கை அகதி’ என்று எழுதியது. இந்திய வம்சாவளி என்று சொல்லித் துரத்தப்பட்டவர்கள், இந்தியாவுக்கு வந்ததும் அந்நியர் ஆனார்கள். 1983 முதல் பல கட்டங்களில் தமிழகம் வந்த 3,04,269 பேரில் பெரும்பகுதியினர் திரும்பிவிட்டார்கள் அல்லது வெளியே போய்விட்டார்கள். இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதில் 30 ஆயிரம் அளவுக்கு மலையக வழியினர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

செல்வநாயகத்தின் மகன் எஸ். சி. சந்திரகாசன் 1984-ல் தமிழகத்தில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அது கிறிஸ்தவ அமைப்பு அல்ல; அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு. வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பி ஓடியவர்களின் துயரைப் பார்த்து, இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே 1980 நவம்பரில் தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி 1990-ல் தமிழக முகாம்களுக்கு வந்தது. இரண்டும் கல்வியைப் பிடித்துக்கொண்டன. அதற்குக் காரணம் இருந்தது. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம்கள் மீதான கண்காணிப்பு இறுகியது. அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு அடைக்கப்பட்டது. தொண்டு அமைப்புகள் முகாமுக்குள் போவதற்கும் தடை வந்தது. 1996-ல் ஆட்சி மாறிய பிறகே கல்லூரிக் கதவு மறுபடி திறந்தது.

அந்த இருண்ட ஆண்டுகளையும் தாண்டி நின்றது மாலைநேர வகுப்பு. பத்தடிக்குப் பத்தடி வீட்டில் ஐந்தாறு பேர் படுத்துக்கொள்ளும் முகாமில், பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு ஒரு விளக்கு, உட்கார ஓர் இடம், சந்தேகம் கேட்க ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் அந்த வகுப்பு. பாடம் நடத்தியவர்கள் பெரும்பாலும் அதே முகாமில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளைஞர்கள், இளம்பெண்கள். சம்பளமும் கரும்பலகையும் அமைப்பு கொடுத்தது. பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைத்தது முகாம். அகதிப் பணியின் வரலாற்றில் முதலில் எழுதப்பட வேண்டிய பெயர்கள் அந்த முகாம் ஆசிரியைகளுடையவை என்பது எங்கள் கருத்து.

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறோம். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவரையும் மற்றவரையும் பிரித்து நிற்கும் சுவரை இந்த அவையில் பலர் அறிவீர்கள். செத்தவரையும் சாதி பார்த்துப் புதைக்கும் திருச்சபை, அகதி முகாமில் மட்டும் எப்படிச் சாதி பார்க்காமல் பணி செய்ய முடிந்தது? ‘அகதி’ என்ற சொல்லே அதற்கு வழி செய்தது என்று நினைக்கிறோம். அகதி விருந்தாளி. அவருக்குச் சோறு போட்டால் ஊரின் ஒழுங்கு குலையாது. கோயில் நிர்வாகத்தில் பங்கு கேட்க மாட்டார். கல்லறையில் இடம் கேட்க மாட்டார். பக்கத்துத் தெருச் சேரிக் கிறிஸ்தவர் அதையெல்லாம் கேட்பார். துயரத்துக்கு இரங்குவது எளிது, பங்கு கேட்பவரை ஏற்பது கடினம். இதைச் சொல்வதால் மாலை வகுப்பின் மதிப்பு குறையாது. ஆனால் சாதியைப் பார்க்காமல் செய்த பணி சாதியால் வந்த இழப்பையும் பார்க்காமல் விட்டுவிட்டது.

அந்த இழப்பு என்ன என்று கணக்காகப் பார்ப்போம். இரண்டு பிள்ளைகளை எண்ணிக்கொள்வோம். ஒரே அருந்ததியர் வம்சத்தில், அண்ணன் வழி கோவையிலேயே தங்கியது. தம்பி வழி இலங்கைக்குப் போய், விரட்டப்பட்டு, வவுனியா வழியாகத் திரும்பியது. அண்ணன் வழிப் பேத்தி நகரின் கிழக்கே பீளமேட்டில் இருக்கிறாள். அவளுக்கு 2009 முதல் அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. தம்பி வழிப் பேத்தி நகரின் மேற்கே, பூலுவபட்டி முகாமில் இருக்கிறாள். அவள் குடிமகள் இல்லை, ஒதுக்கீடு இல்லை. நாளைக்கே குடியுரிமை கிடைத்தாலும், அவள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால், 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி அவளைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்தும். அந்தப் பத்தி 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திருத்தப்பட்டது, கிறிஸ்தவருக்குத் திருத்தப்படவில்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்துவையும் கிறிஸ்தவரையும் சேர்த்துக்கொண்டது, இலங்கையை விட்டுவிட்டது. ஆக, இட ஒதுக்கீடு கேட்டால் கிறிஸ்தவள் என்கிறார்கள். குடியுரிமை கேட்டால் இலங்கையிலிருந்து வந்தவள் என்கிறார்கள். எந்த மாலை வகுப்பும் இந்தப் பூட்டுகளைத் திறக்காது.

திறக்க முடியும் என்பதற்கு அடையாளங்கள் இருக்கின்றன. 2019 ஜூனில் இந்திய வம்சாவளி அகதிகள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களது குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கூறியது. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்கிறது சட்டம். அந்த அடிப்படையில், 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022-ல் கடவுச்சீட்டு வழங்க அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. கூலிகளைத் தடுத்து வைக்கக் கட்டிய முகாமே ஒரு குடிமகளின் பிறப்புச் சான்றாக நின்றது. 2021-ல் தமிழக அரசு முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றி, 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகள் கட்டுவதாக அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,500 ரூபாயாக உயர்ந்தது. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் நம் மக்களுக்குப் பெயர் மாற்றம் புதிதல்ல. இது நான்காவது பெயர்.

கொங்கு மண்ணிலிருந்து இதைப் பேச நமக்குக் கடமை இருக்கிறது. பூலுவபட்டியிலிருந்தும் பவானிசாகரிலிருந்தும் காலையில் கிளம்பும் ஆண்களில் பலர் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். நம் நகரத்தின் அடுக்குமாடிகளில் கயிற்றில் தொங்கி வண்ணம் பூசும் கைகள் அவை. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் அங்கே இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும் என்பதால் அவர்கள் தொலைவான வேலைக்குப் போகத் தயங்குகிறார்கள். கூலியைப் பேரம் பேசவும் தயங்குகிறார்கள். 1946 ஜனவரி 8-ல் தூக்கிலேறிய சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரை ஆண்டுதோறும் நினைவுகூரும் தொழிலாளர் மரபு, இந்தக் கைகளையும் தன் கைகளாக எண்ண வேண்டும்.

மாணவர்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்கிறோம். முகாம் முதியவர்களிடமிருந்து பாட்டன் ஊர், தோட்டத்தின் பெயர், வந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். தாயகம் திரும்பியோரின் பழைய குடும்ப அட்டை, இந்தியக் கடவுச்சீட்டு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு எதுவானாலும் நகலெடுத்துக் காப்பாற்றுங்கள்; குடியுரிமை வழக்கில் அந்தத் தாள்தான் பேசும். முகாம்களில் பணி செய்யும் சபைகளிடம், பதிவேடுகளைத் திறந்து தரச் சொல்லுங்கள். 1950 ஆணையின் மூன்றாம் பத்திக்கு எதிரான போராட்டத்தில் முகாம் மக்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஞானஸ்நானம் கொடுத்த கை, அதனால் பறிபோன உரிமையைக் கேட்டு வாங்கவும் நீள வேண்டும்.

நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் லயனுக்குப் போன உபதேசியார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அந்தப் பிள்ளைகளின் வழிவந்தவர்கள் இன்று மனு எழுதுகிறார்கள், வழக்குத் தொடுக்கிறார்கள். அவர்களது அடுத்த மனுவில் நம் கையெழுத்தும் இருக்கட்டும்.

ஜெய்பீம்.