'ச' என்ற ஒற்றை எழுத்தில் இந்தியா: பலரும் தவறவிடும் 12 பொது அறிவுத் தகவல்கள்

போட்டித் தேர்வுகளிலும் விநாடி வினா மேடைகளிலும் ஒரே எழுத்தில் தொடங்கும் விடைகளைக் கேட்பது நெடுநாள் வழக்கம். தமிழில் அத்தகைய பட்டியலுக்கு மிகவும் வளமான எழுத்துகளுள் ஒன்று 'ச'. இந்தி, வங்காளம் போன்ற மொழிகளில் வெவ்வேறு எழுத்துகளால் குறிக்கப்படும் பல ஒலிகளைத் தமிழ் இந்த ஓர் எழுத்திலேயே எழுதிவிடுகிறது. அதனால் ஒடிசாவின் சில்காவும் வங்கத்தின் சுந்தரவனமும் தமிழ் அகர வரிசையில் அண்டை வீட்டாராகிவிடுகின்றன.

சுவையான செய்தி ஒன்றும் உண்டு. தொல்காப்பியத்தின் பரவலான பாடத்தின்படி ச, சை, சௌ ஆகிய மூன்றும் சொல்லுக்கு முதலில் வாரா. அவ்விதி இன்றும் நடைமுறையில் இருந்திருந்தால் சத்தீஸ்கர், சம்பல், சந்திரயான் ஆகிய மூன்றையும் நாம் வேறு விதமாகத்தான் எழுதியிருப்போம்.

'ச' வரிசையில் இந்தியாவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் 12 செய்திகளையும், அவற்றில் வழக்கமாக நேரும் பிழைகளையும், ஒற்றைச் சொல் விடைக்குள் அடங்காத பின்னணியையும் இங்கே காணலாம்.

1. சிரபுஞ்சி: மழையும் தாகமும்

உலகிலேயே அதிக மழை பெறும் இடம் எது என்று கேட்டால் பலரும் உடனே சொல்லும் விடை சிரபுஞ்சி. ஆண்டுச் சராசரியைக் கணக்கிட்டால் அந்த விடை தவறு. மேகாலயத்தின் காசி மலைப் பகுதியில் அதற்கு அருகிலேயே அமைந்துள்ள மௌசின்ராம் கிராமத்துக்கே முதலிடம். அங்கு ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. எனினும், தொடர்ந்த 12 மாதங்களில் பெய்த மிக அதிக மழைக்கான உலகச் சாதனை சிரபுஞ்சியிடமே உள்ளது. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை அங்கு 26,000 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவானது.

இத்தனை மழை பெய்தும் குளிர்காலத்தில் அவ்வூர் மக்கள் குடிநீருக்காக அலைகின்றனர். செங்குத்தான சரிவுகளில் மழைநீர் தங்காமல் வங்கதேசச் சமவெளியை நோக்கி ஓடிவிடுவதே இதற்குக் காரணம். உள்ளூர் மக்கள் தங்கள் ஊரை அழைக்கும் பெயர் சோரா. அதுவும் 'ச' வரிசைதான்.

2. சில்கா: மீட்டெடுக்கப்பட்ட ஏரி

ஒடிசாவில் பூரி, குர்தா, கஞ்சாம் மாவட்டங்களில் பரந்திருக்கும் சில்காவை நன்னீர் ஏரி எனக் குறிப்பது பரவலான பிழை. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் உவர்நீர்க் காயல் அது, இந்தியாவிலேயே பெரியது. 1981-இல் இந்தியாவின் முதல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்ட இரண்டுள் ஒன்று சில்கா. மற்றொன்று ராஜஸ்தானின் கேவலாதேவ்.

பிற்காலத்தில் வண்டல் படிந்து கடல் முகத்துவாரம் தூர்ந்தது. நீரின் உப்புத்தன்மை குறைந்தது, களைச்செடிகள் பெருகின, மீன்வளம் சரிந்தது. 1993-இல் ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியலில் சில்கா சேர்க்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய்க்கால் வெட்டப்பட்டதும் மீன்வளம் திரும்பியது. 2002-இல் அப்பட்டியலிலிருந்து சில்கா நீக்கப்பட்டது. அழிவின் விளிம்பிலிருந்து ஒரு நீர்நிலையை மீட்க இயலும் என்பதற்கு இன்றளவும் காட்டப்படும் சான்று இது.

3. சுந்தரவனம்: பெயர் தந்த மரம்

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆறுகளின் கழிமுகத்தில் இந்தியாவும் வங்கதேசமும் பகிர்ந்துகொள்ளும் அலையாத்திக் காடு சுந்தரவனம். அழகிய வனம் என்பதால் அப்பெயர் வந்ததாகப் பலர் கருதுகின்றனர். அங்கு வளரும் சுந்தரி மரத்திலிருந்து பெயர் வந்தது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். அதில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவில் உள்ளது. சுந்தரவனத் தேசியப் பூங்கா 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது.

தேன் எடுக்கவும் மீன், நண்டு பிடிக்கவும் காட்டுக்குள் செல்வோர் புலிகளுக்கு இரையாவது இங்கு தொடரும் துயரம். கணவரைப் பறிகொடுத்த பெண்களைக் குறிக்க 'புலி விதவைகள்' என்ற தனிச் சொல்லே அங்கு வழங்குகிறது.

4. சியாச்சின்: காட்டு ரோஜாக்களின் இடம்

காரகோரம் மலைத்தொடரில் ஏறத்தாழ 76 கிலோமீட்டர் நீளம் கொண்ட பனியாறு சியாச்சின். துருவப் பகுதிகளுக்கு வெளியே உள்ள மிக நீளமான பனியாறுகளுள் இதுவும் ஒன்று. நுப்ரா ஆறு இதிலிருந்தே பிறக்கிறது. பால்டி மொழியில் இப்பெயருக்குக் காட்டு ரோஜாக்கள் நிறைந்த இடம் என்று பொருள்.

1984 ஏப்ரல் 13 அன்று 'ஆபரேஷன் மேக்தூத்' நடவடிக்கையின் மூலம் இந்திய ராணுவம் இப்பகுதியைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2003 நவம்பர் முதல் இங்கு சண்டை நிறுத்தம் நடைமுறையில் உள்ளது. சியாச்சினில் துப்பாக்கிக் குண்டுகளைவிடப் பனிச்சரிவும் கடுங்குளிரும் உயிர்வளி குறைவுமே அதிக வீரர்களைப் பலிகொண்டுள்ளன. 2016 பிப்ரவரியில் சோனம் காவல் முனையில் நேர்ந்த பனிச்சரிவில் 10 வீரர்கள் உயிரிழந்தனர்.

5. சிவிங்கிப்புலி: சிறுத்தை அன்று

தமிழ்ச் செய்திகளிலேயே அடிக்கடி நேரும் குழப்பம் இது. சிறுத்தை வேறு, சிவிங்கிப்புலி வேறு. சிறுத்தையின் உடலில் ரோஜா இதழ்க் கொத்துப் போன்ற வளையங்கள் இருக்கும். சிவிங்கிப்புலிக்கோ தனித்தனிக் கரும்புள்ளிகள். கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர்த் தடம் போன்ற கருங்கோடு. சிறுத்தை இந்தியாவிலிருந்து ஒருபோதும் மறையவில்லை. சிவிங்கிப்புலி மறைந்தது.

1947-இல் இன்றைய சத்தீஸ்கரில் அடங்கிய கொரியா சமஸ்தானத்தின் மன்னர் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டு வீழ்த்தினார். இந்தியாவின் கடைசிச் சிவிங்கிப்புலிகளாக அவையே குறிப்பிடப்படுகின்றன. 1952-இல் இந்த இனம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து மேலும் 12 வந்தன.

6. சிப்கோ: மறக்கப்படும் பெயர்

இந்தியில் 'ஒட்டிக்கொள்' என்று பொருள்படும் சிப்கோ இயக்கத்தைப் பற்றிக் கேட்டால் சுந்தர்லால் பகுகுணா என்ற பெயரே விடையாக வரும். அவரது பங்கு பெரிது. ஆயினும் 1973-இல் சமோலி மாவட்டத்தின் மண்டல் கிராமத்தில் தொடங்கிய போராட்டத்துக்கு வழிகாட்டியவர் சண்டி பிரசாத் பட். உழவுக் கருவி செய்ய உள்ளூர் மக்களுக்கு மறுக்கப்பட்ட மரங்கள், விளையாட்டுக் கருவி நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டதே போராட்டத்தின் தொடக்கம்.

1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்து ஆண்கள் வெளியூர் சென்றிருந்த வேளையில் மரம் வெட்டுவோர் வந்தனர். கௌரா தேவி தலைமையில் 27 பெண்கள் மரங்களைக் காத்து நின்று அவர்களைத் திருப்பி அனுப்பினர். அதே ரேணி பகுதியைத்தான் 2021 பிப்ரவரி 7 அன்று ரிஷிகங்கா வெள்ளம் தாக்கியது.

7. சாரநாத்: காணாத நான்காவது சிங்கம்

தேசியச் சின்னத்தில் எத்தனை சிங்கங்கள் என்ற வினாவுக்கு, கண்ணுக்குத் தெரியும் மூன்றை மட்டும் எண்ணி விடையளிப்போர் பலர். அசோகர் எழுப்பிய சாரநாத் தூணின் தலைப்பகுதியில் சிங்கங்கள் நான்கு. ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிற்பதால் ஒரு பக்கமிருந்து பார்ப்போருக்கு மூன்றே தெரியும். பீடத்தில் யானை, குதிரை, காளை, சிங்கம் ஆகிய நான்கும் சக்கரங்களால் பிரிக்கப்பட்டுள்ளன. சின்னத்தில் காளையும் குதிரையும் மட்டுமே முழுமையாகத் தெரியும்.

1950 ஜனவரி 26 அன்று இது தேசியச் சின்னமாக ஏற்கப்பட்டது. 1904–05-இல் நடந்த அகழாய்வில் கண்டெடுக்கப்பட்ட மூலச் சிற்பம் சாரநாத் அருங்காட்சியகத்தில் உள்ளது.

8. செல்லுலார் சிறை: தனிமையே தண்டனை

அந்தமானின் போர்ட் பிளேர் நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அங்குள்ள செல்லுலார் சிறை 1896 முதல் 1906 வரை கட்டப்பட்டது. ஒவ்வொரு கைதிக்கும் தனி அறை என்பதாலேயே இப்பெயர். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல ஏழு கட்டடங்கள். ஒரு கட்டடத்தின் அறைகள் அடுத்த கட்டடத்தின் பின்புறத்தை நோக்கியவாறு அமைக்கப்பட்டதால் கைதிகள் ஒருவரையொருவர் பார்க்க இயலாது.

1933-இல் நடந்த உண்ணாவிரதத்தின்போது வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா ஆகியோர் உயிரிழந்தனர். ஏழு கட்டடங்களுள் இன்று எஞ்சியவை மூன்று. 1979-இல் இச்சிறை தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

9. சுகுமார் சென்: பெயரின் உரிமை

இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர். 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கட்சிகளுக்குச் சின்னம், வேட்பாளருக்கொரு வாக்குப்பெட்டி என்ற ஏற்பாடுகள் அதனால் செய்யப்பட்டன.

வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவு செய்ய முன்வந்தனர். அத்தகைய பதிவுகளை ஏற்க முடியாது என்று சுகுமார் சென் உறுதியாக இருந்தார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. குடியரசில் ஒரு பெண்ணுக்கு அவளது சொந்தப் பெயரே அடையாளம் என்ற நிலை பெரும் விலை கொடுத்து நிலைநாட்டப்பட்டது. 1953-இல் சூடான் நாட்டின் தேர்தலை மேற்பார்வையிட்ட ஆணையத்துக்கும் அவர் தலைமை வகித்தார்.

10. சாந்தாலி: தனக்கென ஓர் எழுத்து

ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா உள்ளிட்ட மாநிலங்களில் பேசப்படும் சாந்தாலி, முண்டா மொழிப் பிரிவைச் சேர்ந்தது. இந்தோ-ஆரிய மொழியும் அன்று, திராவிட மொழியும் அன்று. ரோமன், வங்காளம், ஒடியா, தேவநாகரி எனப் பிறரது எழுத்துகளில் எழுதப்பட்டுவந்த இம்மொழிக்கு, 1925-இல் ரகுநாத் முர்மு 'ஓல் சிக்கி' என்ற தனி எழுத்துமுறையை உருவாக்கினார். 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், போடோ, டோக்ரி, மைதிலி ஆகியவற்றுடன் சாந்தாலியையும் எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. இதனால் அட்டவணை மொழிகளின் எண்ணிக்கை 22 ஆனது. குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு சாந்தால் பழங்குடியைச் சேர்ந்தவர்.

11. சி.வி. ராமனும் சந்திரசேகரும்: ஒரே குடும்பத்தில் இரு நோபல்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அது சி.வி. ராமனின் பிறந்த நாள் எனச் சிலர் எழுதுவதுண்டு. திருச்சியில் அவர் பிறந்தது 1888 நவம்பர் 7. ஒளிச்சிதறல் பற்றிய ராமன் விளைவை அவர் 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்த நாளே பிப்ரவரி 28. 1930-இல் நோபல் பரிசு பெற்றார்.

நட்சத்திரங்களின் இறுதிக்கால நிலை குறித்த ஆய்வுக்காக 1983-இல் நோபல் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு ராமன் சித்தப்பா. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் ஒரு வெண்குறு விண்மீன் நிலைத்திருக்க இயலாது என்பதே 'சந்திரசேகர் வரம்பு'. 1935-இல் புகழ்பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டன் இதனைப் பகிரங்கமாக மறுத்தார். இளைஞரான சந்திரசேகரின் கணக்கே சரி என்பதைக் காலம் உறுதிசெய்தது.

12. சித்தம்பூண்டி: நிலவுக்கு ஒத்திகை பார்த்த மண்

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் மெதுவாகத் தரையிறங்கியது. இச்சாதனையைப் படைத்த நான்காவது நாடு இந்தியா. நிலவின் தென்துருவத்திலேயே இறங்கியதாகச் சொல்வது பிழை. துருவத்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில், தென்துருவப் பகுதிக்கு அருகே அது இறங்கியது.

நிலவின் மேட்டுநிலங்களில் காணப்படும் அனார்த்தசைட் வகைப் பாறை, நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதனைப் பொடித்து உருவாக்கிய செயற்கை நிலவு மண்ணில்தான் தரையிறங்கும் கலத்துக்கும் உலாவிக்கும் சோதனைகள் நடத்தப்பட்டன. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேலும் விழுப்புரத்தைச் சேர்ந்தவரே.

நினைவில் கொள்ள வேண்டியவை

* ஆண்டுச் சராசரி மழையில் முதலிடம் மௌசின்ராம். 12 மாத மழைச் சாதனை சிரபுஞ்சி.
* சில்கா உவர்நீர்க் காயல். நன்னீர் ஏரி அன்று.
* குனோவுக்குக் கொண்டுவரப்பட்டவை சிவிங்கிப்புலிகள், சிறுத்தைகள் அல்ல.
* தேசியச் சின்னத்தில் சிங்கங்கள் நான்கு; தெரிபவை மூன்று.
* பிப்ரவரி 28 ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். ராமனின் பிறந்த நாள் அன்று.

தேர்வுத்தாளில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்தான். ஆனால் சிரபுஞ்சி என்று எழுதும்போது குடத்துடன் அலையும் பெண்களையும், சிப்கோ என்று எழுதும்போது கௌரா தேவியையும், சுகுமார் சென் என்று எழுதும்போது பட்டியலில் இடம்பெறாத 28 லட்சம் பெண்களையும் சேர்த்து நினைவில் வைத்தால், விடை எளிதில் மறக்காது.